மகள் கேட்கும் கேள்விக்கு ஒரு படிப்பு இருக்கிறது

கொலை வழக்குச் செய்திகளையே படிக்கிறாள், செய்தவன் விசாரணையில் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்று ஓயாமல் கேட்கிறாள் என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறுதல் இவ்வளவுதான். மூன்றாம் முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வைக்கக் கடன் வாங்கப் போகிறீர்களே, அது கூடாது. பெரியப்பா சொன்னார் என்பது ஒரு காரணமே இல்லை, தவணை கட்டப்போவது அவர் இல்லை.

அவளுடைய கேள்விக்குத் தடய உளவியல் என்று ஒரு துறையே இருக்கிறது, குற்றம், விசாரணை, நீதிமன்றம் சார்ந்த உளவியல் அது. ஐஸ்லாந்தில் துப்பறியும் போலீஸாக இருந்து பிறகு உளவியலாளரான கிஸ்லி குட்ஜான்சன், ஒப்புக்கொண்டவர்களை ஆராய்ந்து மூன்று காரணங்களைப் பிரித்தார்: உள்ளே அரிக்கிற குற்றவுணர்வு, விசாரணையின் நெருக்கடி, 'ஆதாரம் சிக்கிவிட்டது, இனி மறுத்துப் பயனில்லை' என்ற எண்ணம். பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது இந்தக் கடைசி எண்ணம்தான். ஸ்வீடனில் ஹோல்ம்பெர்க், கிறிஸ்டியான்சன் என்ற ஆய்வாளர்கள் கொலை, பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களிடம் கேட்டு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அதட்டி நடத்திய விசாரணை மறுப்போடும், மனிதராக மதித்துப் பேசியது ஒப்புதலோடும் சேர்ந்து வந்தது (சினிமா போலீஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நம்பக் கஷ்டம்தான்).

செய்யாத கொலையை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. சிறுவர்கள், அறிவுத்திறன் குறைந்தவர்கள், தூக்கமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டவர்கள். இங்கேதான் உளவியலாளர் தேவைப்படுகிறார். ஒரு சிறு கதையைச் சொல்லி, திசைதிருப்பும் கேள்விகள் கேட்டு, 'நிறையத் தப்பு, கவனமாகச் சொல்' என்று அழுத்தினால் பதில் எவ்வளவு மாறுகிறது என்று அளக்க குட்ஜான்சன் 1984-ல் ஒரு சோதனையே வெளியிட்டார். அப்படிச் சோதித்து அறிக்கை எழுதுவது, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்பது, விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவது எல்லாம் இந்த வேலையில் வரும்.

ஆனால் தடய உளவியல் என்ற பெயரை மட்டும் பார்த்து, பெரிய கட்டணம் கேட்கும் குறுகிய காலச் சான்றிதழ்களில் பணத்தைப் போடாதீர்கள். முதலில் உளவியல் பட்டம், அப்புறம் மேற்பார்வையோடு கூடிய மருத்துவ உளவியல் (மனநலச் சிக்கல்களைச் சோதித்து சிகிச்சை தரும் உளவியல்) பயிற்சி. நீதிமன்ற வேலை குறைவாகத்தான் கிடைக்கும், கிடைக்காத நாட்களில் இந்த அடிப்படைதான் சோறு போடும்.

பொதுமக்களை அனுமதிக்கும் நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்க அவளை உட்காரச் சொல்லுங்கள். வாய்தாவும் காத்திருப்புமாக இழுத்தாலும் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தால் உளவியல் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள். பரபரப்பு மட்டும்தான் பிடிக்கிறது என்று தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.