கேள்வி பதில்: வேதாகம மொழிபெயர்ப்புகள் மாறிய கதை

தொடக்க காலத் திருச்சபை எந்த வேதாகமத்தை வாசித்தது?

கிரேக்கம் பேசியவர்கள் எழுபதின்மர் மொழிபெயர்ப்பை வாசித்தார்கள். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் எபிரேயத்திலிருந்து செய்தது அது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் அதைக் கைவிடவில்லை.

எது சரியான மொழிபெயர்ப்பு?

எதற்கு? ஆராயவா, சபையில் வாசிக்கவா, பாடவா? அதைச் சொல்லுங்கள்.

ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பை உடனே ஏற்றுக்கொண்டார்களா?

இல்லவே இல்லை. 382 அளவில் போப் தமாசுஸ் கேட்டதால் நற்செய்திகளைத் திருத்தத் தொடங்கினார் ஜெரோம். பிறகு பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே பெயர்த்தார். இன்றைய லிபியாவின் திரிப்போலியில் ஓர் ஆயர் அவர் பெயர்த்த யோனா நூலை வாசிக்க வைத்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயர் மக்கள் பழகியதாக இல்லை. சபையில் பெரும் கூச்சல். கூட்டத்தை இழந்துவிடுவோம் என்று அஞ்சிய ஆயர் வாசகத்தைத் திருத்தினார். 403-இல் இறையியலாளர் அகஸ்டின் இதை ஜெரோமுக்கே எழுதினார். பழைய வாசகத்தில் சுரைக்கொடி. ஜெரோம் எழுதியது ஐவிக்கொடி.

திருப்பாடல்களிலும் (சங்கீதங்களிலும்) இதுவே நடந்தது. எபிரேயத்திலிருந்து ஜெரோம் பெயர்த்தது ஒதுங்கியது. கிரேக்கத்தை ஒட்டித் திருத்தியதே வழிபாட்டில் நிலைத்தது. பாடிப் பழகிய சொல்லை நாக்கு விடாது.

எபிரேயம் அறிந்த ஜெரோம் சொன்னதுதானே சரி?

சபை சொன்னதே சரி என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எபிரேயச் சொல் ‘கிகாயோன்’. அகலமான இலை, கொழுகொம்பு இல்லாமல் தன் தண்டிலேயே நிற்கும் என்று ஜெரோமே விவரிக்கிறார். ஐவி அப்படி நிற்காது, சுரையும் நிற்காது. இலத்தீனில் அதற்குப் பெயர் இல்லை, அதனால் முந்தைய மொழிபெயர்ப்பாளர்களைப் பின்பற்றி ஐவி என்றேன் என்கிறார். அந்த விவரிப்பு ஆமணக்குக்குப் பொருந்துகிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்பும் ‘ஆமணக்குச் செடி’ என்றே சொல்கிறது.

1611-இன் கிங் ஜேம்ஸ்தானே மூல ஆங்கில வேதாகமம்?

‘மூலம்’ என்ற சொல்லை இவ்வளவு எளிதாக எழுதாதீர்கள். 1526-இலேயே டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. 1536-இல் அவரைக் கொன்றார்கள். 1611-இல் வீடுகளில் விரும்பி வாசிக்கப்பட்டது 1560-இன் ஜெனீவா வேதாகமம். கிங் ஜேம்ஸ் அதை அகற்றப் பல பத்தாண்டுகள் ஆயின. 1662-இன் ஆங்கிலிக்கன் ஜெப புத்தகமோ நற்செய்தி வாசகங்களை 1611-இலிருந்து எடுத்துக்கொண்டு, சங்கீதங்களை முந்தைய மொழிபெயர்ப்பாளர் கவர்டேலின் பழைய சொற்களிலேயே விட்டுவைத்தது.

அப்படியானால் எது சரியான மொழிபெயர்ப்பு?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

யெகோவா என்ற பெயரை எப்படி உச்சரிப்பது?

எபிரேய இலக்கணம் கற்றவரிடம் கேளுங்கள்.

அந்த ஐவி என்ன ஆயிற்று?

1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வுல்காத்தாவை, அதாவது ஜெரோமின் பெயரால் வழங்கிய இலத்தீன் வேதாகமத்தை, அதிகாரபூர்வமானது என்று அறிவித்தது. 1592-இல் வெளிவந்த அதன் திருத்திய பதிப்பில் யோனா 4:6-ஐப் பாருங்கள். ஐவிதான் இருக்கிறது.