வகுப்பில் பிள்ளைகளின் குழப்படியை ஆசிரியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

குழப்படி என்றால் பாடத்தைக் குலைக்கும் நடத்தை. அடிதடியைவிட, ஓயாத பேச்சும் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவதும்தான் தங்களைக் களைக்க வைப்பதாகப் பல நாட்டு ஆசிரியர்களும் ஆய்வுகளில் சொல்லியிருக்கிறார்கள். காரணம் கேட்டால் பலர் முதலில் வீட்டைத்தான் காட்டுவார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அது பாதி உண்மை. அம்மா விடியவே கொழுந்து பறிக்கப் போய்விடுவார், அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. தரம் 9 மாணவன் தம்பியை முன்பள்ளியில் விட்டுவிட்டு, லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ஏற்றம் ஏறி வந்து சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். கணக்குப் பாடமோ அவனை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். புரியாத பாடத்தில் 40 நிமிடம் சும்மா உட்கார யாரால் முடியும்? கான் அடைத்தால் மழைத்தண்ணீர் பாதையில்தானே பாயும், அப்படித்தான் இதுவும்.

அப்புறம், பிரம்பைக் கைவிட்டதால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்பது தவறு: கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை தடைசெய்தது உடல் தண்டனையைத்தான், கண்டிப்பை அல்ல.