"ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்" ஏன் தப்பு?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் ஆன் மண்டே" என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். தப்பு என்று திருத்தச் சொன்னார். ஆனால் "ஐ ஆம் ஹாப்பி டு கம்" சரிதானாம். இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? பக்கத்துத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் கேட்டேன். எந்த அட்ஜெக்டிவுக்குப் பின்னால் "டு" வரும் என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்களாம், மூன்று மாத கோர்ஸில் சேர்ந்தால் தருவார்களாம். சேரலாமா?

பதில்: பட்டியலுக்காகச் சேர வேண்டாம், அம்மா. "ஹாப்பி" பின்னாலும் "டு" வரும், "டிஃபிகல்ட்" பின்னாலும் "டு" வரும். அந்தப் பட்டியலில் இரண்டு சொல்லுமே இருக்கும். மனப்பாடம் செய்து முடித்த பிறகும் நீங்கள் இதே மெயிலைத்தான் எழுதுவீர்கள். உங்கள் சிக்கல் "டு"வில் இல்லை, வாக்கியத்தின் முதல் சொல்லில் இருக்கிறது.

அட்ஜெக்டிவைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தன்மை ஆளின் மனசில் இருக்கிறதா, செய்யவேண்டிய வேலையில் இருக்கிறதா? சந்தோஷம், பயம், ஆசை, தயார் நிலை எல்லாம் ஆளிடம் இருப்பவை. அதனால் "ஐ ஆம் ஹாப்பி டு கம்", "ஐ ஆம் ரெடி டு கம்", "ஷி இஸ் அஃப்ரெய்ட் டு ஆஸ்க்" என்று ஆளை முதலில் வைத்துத் தொடங்கலாம். கஷ்டம், சுலபம், ஆபத்து, வசதி ஆகியவை வேலையில் இருப்பவை. திங்கட்கிழமை வருவதுதான் கஷ்டம், நீங்கள் கஷ்டம் இல்லை. அங்கே "இட் இஸ்" என்று தொடங்கி, ஆளை "ஃபார்" போட்டு நடுவில் வையுங்கள்: "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் ஆன் மண்டே." அலுவலக மெயிலுக்கு இதைவிட நேரடியானது "ஐ வோன்ட் பி ஏபிள் டு கம் ஆன் மண்டே." "ஏபிள்" ஆளுக்கு உரிய சொல், அதனால் "ஐ" சரி.

நம் ஊரில் தினமும் காதில் விழும் இன்னொன்று, "ஆர் யூ கன்வீனியன்ட் டு கம் டுமாரோ?" வசதி நாளைக்கு வருவதில் இருக்கிறது, வருகிறவரிடம் இல்லை. "இஸ் இட் கன்வீனியன்ட் ஃபார் யூ டு கம் டுமாரோ?" என்று கேளுங்கள். "ஐ ஆம் நாட் பாஸிபிள் டு அட்டெண்ட்" என்பதும் இதே குடும்பம். பேசாமல் "ஐ கான்ட் அட்டெண்ட்" என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு பொறி. சில சென்டர்களில் "தமிழில் 'எனக்கு' வந்தால் இங்கிலீஷில் 'இட் இஸ்' போடு" என்று குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். "எனக்கு வருவது கஷ்டம்" என்பதற்கு அது பொருந்தும். "எனக்குச் சந்தோஷம்", "எனக்குப் பயம்" என்பதற்கு? அங்கேயும் "எனக்கு" இருக்கிறது, ஆனால் "ஐ ஆம் ஹாப்பி", "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றுதான் வரவேண்டும். காசு வாங்கிக்கொண்டு இப்படி அரைகுறைச் சூத்திரத்தைக் கையில் திணிப்பது அநியாயம். அதை நம்பி இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைதான் அவமானப்படுகிறது. "டு மீ டு கம்" என்று எழுத வைப்பதும் இவர்கள்தான். அது "ஃபார் மீ டு கம்".

சரி, இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். "ஹி இஸ் டிஃபிகல்ட்" என்ற வகை வாக்கியங்கள் பேப்பரிலேயே வருகின்றனவே? "மை மேனேஜர் இஸ் டிஃபிகல்ட் டு கான்டாக்ட்" என்பது முழுக்கச் சரியான இங்கிலீஷ். கஷ்டம் வேலையில் இருக்கிறது என்றால் மேலாளர் எப்படி முன்னால் வந்து உட்கார்ந்தார்?

இந்த ஒரு விலக்கை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். தொடர்புகொள்கிறவர் மேலாளர் இல்லை, வேறு யாரோ. மேலாளர்மேல் அந்த வேலை நடக்கிறது. "இட் இஸ் டிஃபிகல்ட் டு கான்டாக்ட் மை மேனேஜர்" என்ற வாக்கியத்தில் கடைசியில் இருந்த ஆளைத் தூக்கி முன்னால் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். "ஈஸி", "டிஃபிகல்ட்", "ஹார்ட்", "இம்பாஸிபிள்", "டேஞ்சரஸ்" போன்ற சொற்கள் இதற்கு இடம் கொடுக்கும். வேலையைச் செய்கிறவரை மட்டும் முன்னால் வைக்க விடாது. ஆகவே "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கான்டாக்ட் ஆன் மண்டே" என்றால், திங்கட்கிழமை என்னைப் பிடிப்பது கஷ்டம் என்று அர்த்தம், சரியான வாக்கியம். "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்" என்பதில் வருகிறவரே நீங்கள், அதனால் நிற்காது. வெறுமனே "ஐ ஆம் டிஃபிகல்ட்" என்று நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். நான் யாருக்கும் ஒத்துப்போகாத ஆள் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தூக்கி முன்னால் வைத்த பிறகு அந்த இடத்தைக் காலியாக விடவேண்டும். "ஹி இஸ் டிஃபிகல்ட் டு கான்டாக்ட் ஹிம்" தப்பு, அந்த "ஹிம்" வேண்டாம். ஆனால் "டாக் டு", "சிட் ஆன்" போல ஒட்டிவருகிற சின்னச் சொல் இருந்தால் அது அங்கேயே நிற்கும்: "ஹி இஸ் ஈஸி டு டாக் டு", "திஸ் சேர் இஸ் ஹார்ட் டு சிட் ஆன்." வாக்கியம் பாதியில் அறுந்தது போலத் தோன்றும், பயப்படாதீர்கள், முடிந்துவிட்டது.

இது குழப்புகிறது என்று வெட்கப்படவும் வேண்டாம். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கே இது தாமதமாகத்தான் பிடிபடுகிறது. கரோல் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைத் துணியால் கட்டிய பொம்மை ஒன்றைக் குழந்தைகளிடம் காட்டி, "இஸ் திஸ் டால் ஈஸி டு சீ ஆர் ஹார்ட் டு சீ?" என்று கேட்டார். பொம்மை அவர்கள் கண்ணெதிரேதான் இருந்தது. சின்னப் பிள்ளைகள் பலர் "ஹார்ட் டு சீ" என்றார்கள். கண் கட்டியிருப்பதால் பொம்மைக்குப் பார்ப்பது கஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வயதை எட்டியவர்கள் சரியாகச் சொன்னார்கள். பேச்சும் கதையுமாக வருடக்கணக்கில் கேட்டுப் படிந்த விஷயம் அது. மூன்று மாதப் பட்டியலில் அடங்காது.

நம் பள்ளிக்கூடம் இதில் செய்திருக்கும் உபகாரம் குறைவு. "டூ... டு" வாக்கியத்தை "ஸோ... தட்" ஆக மாற்று என்று மதிப்பெண்ணுக்காகப் பயிற்சி கொடுத்துத் தள்ளினார்கள். "தி டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்." மாற்றினால் "தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேனாட் ட்ரிங்க் இட்." இரண்டாவதில் "இட்" வரும், முதலாவதில் வராது. ஏன் என்று யாராவது விளக்கினார்களா? அந்த "இட்" கையோடு ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போன பிறகும் "டூ ஹாட் டு ட்ரிங்க் இட்" என்று எழுதுகிறோம். டீ ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டது, அப்புறம் எதற்கு இன்னொரு "இட்"? இதைச் சொல்ல ஒரு பீரியட் போதும். பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்பதால் சொல்வதில்லை. பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் படித்தவர் ஒரு லீவு மெயில் எழுதத் தயங்குகிறார் என்றால் அது படித்தவர் குற்றம் இல்லை.

"டு" போடவே கூடாதவை சில உண்டு: "பிஸி டூயிங்", "வொர்த் ரீடிங்", "கேப்பபிள் ஆஃப் டூயிங்". வேலை விண்ணப்பத்தில் "ஐ ஆம் கேப்பபிள் டு ஹேண்டில்" என்று எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பேச்சுப் பழக்கத்துக்காக வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள், அதில் தவறில்லை. மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேர்த்துவிட்டால் கமிஷன் என்று ஆள் பிடிப்பவரிடம் பேசவேண்டாம், பாடம் நடத்துகிறவரிடமே போங்கள். "ஹி இஸ் ஈகர் டு டீச்", "ஹி இஸ் ஈஸி டு டீச்", இந்த இரண்டில் யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்று கேளுங்கள். முதலாவதில் அவரே எடுக்கத் துடிக்கிறார், இரண்டாவதில் அவருக்கு வேறொருவர் பாடம் எடுப்பது சுலபம். இதைத் தயங்காமல் விளக்குகிறவர் கிடைத்தால் ஒரு மாதக் கட்டணம் கட்டிப் பாருங்கள். "அதெல்லாம் மூணாவது மாசம் வரும்" என்று பதில் வந்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.