தைராய்டு மாத்திரை கூட்டியும் டிஎஸ்எச் இறங்கவில்லையா?

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையான தைராக்ஸினை 75-லிருந்து 100 மைக்ரோகிராம் ஆக்கியும் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறுகிற இன்னொரு ஹார்மோன்) இறங்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன கால்சியம் மாத்திரைதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டையும் காலையில் சேர்த்துப் போட்டால் கால்சியம் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்ஸின். காபிகூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் தள்ளிப்போக வேண்டும், மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மருந்து சரியாகச் சேர ஆரம்பித்தால் 100 அதிகமாகி நெஞ்சு படபடக்கலாம். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டெஸ்ட்.

ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் (மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் மருந்தாளுநர்) இருந்தால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். தயங்காதீர்கள், இதைப் பார்ப்பதுதான் அவர் வேலை.