கடை நேரம், சொந்த நேரம்

அன்புள்ள அக்கா,

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கடையில் இரண்டு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, தேயிலை, தைலம் விற்கிறோம். சம்பளம் 12,000. ஏப்ரல், மே சீசனில் மட்டும் காலை 9 முதல் இரவு 9 வரை நிற்க வேண்டும். ராத்திரி அறைக்கு வந்தபின் என் பழைய லேப்டாப்பில், தமிழில் பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் ஒரு செயலி எழுதினேன். பிப்ரவரியிலிருந்து கடையில் அதுதான் ஓடுகிறது. குன்னூரில் இன்னொரு கடைக்காரர் கேட்டதும், "இங்கே இருக்கும்வரை நீ செய்வதெல்லாம் கடைக்குச் சொந்தம்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார் முதலாளி. ஞாயிறு வரை நேரம் தந்திருக்கிறார். கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதாமே? செயலிக்குக் காப்புரிமை (பேடன்ட்) பதிந்துவிடலாமா? முதலாளி நல்லவர்தான், வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துவார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பகலெல்லாம் நின்ற காலோடு ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் உழைப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

கலிபோர்னியாவை மறந்துவிடுங்கள். அங்கே தொழிலாளர் சட்டம் 2870-ஆம் பிரிவு, சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் கண்டுபிடித்ததைத் தொழிலாளிக்கே விடுகிறது. முதலாளியின் தொழிலோடு தொடர்புள்ளதற்கு அங்கும் விலக்கு உண்டு. ஊட்டியில் அதைக் காட்டி என்ன பயன்? காப்புரிமையும் வேண்டாம், வெறும் கணினி நிரலுக்கு இந்தியாவில் அது கிடையாது. உங்களுக்கு இருப்பது பதிப்புரிமை (காப்பிரைட்). எழுதியதுமே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாகச் செய்த ஆக்கம் முதலாளிக்குப் போகும். உங்களை வைத்திருப்பது சாக்லேட் நிறுத்துக் கொடுக்க. நிரல் எழுத அல்ல. பிரச்சினை வருவது பிப்ரவரிக்குப் பின்னால். கடைக் கணினியில், கடை நேரத்தில், அவர் சொல்லிச் சொல்லித் திருத்திய பகுதிகளுக்கு அவர் உரிமை பேசலாம். அதனால் ஜனவரி வரைக்குமான பிரதியைத் தேதியோடு தனியாக வையுங்கள். கடையின் விலைப்பட்டியலும் வாடிக்கையாளர் எண்களும் கடையுடையவை. குன்னூருக்குப் போகும் பிரதியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் கவனக்குறைவாக இருந்தால் தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். உரிமையைக் கைமாற்ற 19-ஆம் பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. எந்த ஆக்கம், என்ன உரிமை, எத்தனை வருடம், எந்த எல்லை, எவ்வளவு பணம் என்று சொல்லச் சொல்கிறது. வருடம் எழுதாவிட்டால் 5 வருடம். "செய்வதெல்லாம்" என்ற பத்திரம் நிற்பது கஷ்டம்தான். ஆனால் நிற்காது என்று காட்டக் கோர்ட்டுக்கு நடக்கப்போவது நீங்கள். பதிலுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: செயலி என்னுடையது, கடை பயன்படுத்த அனுமதி, மாதம் இத்தனை ரூபாய்.

இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. என்னை உலுக்கியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய "காலை 9 முதல் இரவு 9 வரை". அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே தம்பி!

1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் (ஓவர்டைம்) சேர்த்தாலும் 10 மணிக்கும் 54 மணிக்கும் மேல் போகக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்தால் நீங்கள் நிற்பது 11 மணி, வாரம் 66. வரம்பை மீறி வேலை வாங்கினார் என்பதற்காக உங்கள் கூலி குறையாது.

போட்டுப் பாருங்கள். 12,000-ஐ 26 நாளால் வகுத்து 8 மணியால் வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 69 காசு. இரட்டித்தால் 115 ரூபாய் 38 காசு. தினம் 3 மணி, 26 நாள், 78 மணி நேரம்: மாதம் 9,000. ஏப்ரலும் மேயும் சேர்த்து 18,000. வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தாரா? சீசன் முடிந்து கவரில் ஒரு 2,000 வந்திருந்தாலும் இதற்கு ஈடாகாது. தங்க இடம் கொடுத்தோம், சோறு போட்டோம் என்று சொல்லியும் மிகைநேரக் கூலியை நிறுத்த முடியாது. இதற்குமேல், குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். உங்கள் 12,000 அதற்குக் கீழே இருக்கிறதா என்று தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேளுங்கள். கவுன்டரில் உட்கார இருக்கை 2021 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் தினம் 8 மணி என்று எழுதி நீட்டுவார்கள். சம்பளம் வாங்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். பிறகு எந்த வாயால் 11 மணி என்பீர்கள்? இனி கையெழுத்துப் பக்கத்தில் உண்மை நேரத்தை எழுதுங்கள். சின்ன நோட்டு ஒன்றில் வந்த நேரம், சாப்பாடு, ஷட்டர் இறக்கிய நேரம் அன்றன்றைக்கே. கடை நேரம் எது, சொந்த நேரம் எது என்று காட்டப்போவதும் அதே நோட்டுதான். செயலிக்கும் அதுவே சாட்சி.

நீக்கிவிடுவாரோ என்ற பயம் இருக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு. மீறினால் மேல்முறையீடு உண்டு.

போன சீசனுக்கு நோட்டு இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஓடும் உங்கள் செயலி ஒவ்வொரு பில்லுக்கும் நேரம் போட்டிருக்குமே. வேறெதையும் எடுக்காமல், நீங்கள் கவுன்டரில் நின்ற ஒவ்வொரு நாளின் முதல் பில் நேரத்தையும் கடைசி பில் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரிக்குள் முடித்துவிடலாம்.