எண்ணோடு மணியையும் எழுதுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெறும் சர்க்கரை எண்தான். சாப்பிடும் முன்பா பின்பா, எத்தனை மணிக்கு, என்ன மருந்து, ஒன்றும் கிடையாது. எண்ணோடு மணியையும் எழுதுங்கள் என்று போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தைய முறையும் சொன்னேன். சரி, வந்ததை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

கேள்வி: எனக்கு சுகர் 8 இருக்கிறது. ஆபத்தா?

எந்த 8? எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனையில் 8 சதவீதம் என்றால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி 180 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். மில்லிமோலில் காட்டும் மீட்டர் என்றால் 18-ஆல் பெருக்குங்கள், மில்லிகிராமில் 144 வரும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்திருந்தால் நல்ல எண். மில்லிகிராமில் 8 என்றால் நீங்கள் கடிதம் எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: என் காப்பீட்டுத் திட்டத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் மாதம் 50தான் தருகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டுகூட வரவில்லை. எப்படிச் சமாளிப்பது?

மாத்திரை மட்டும் எடுப்பவராக இருந்தால் 50 தாராளம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்திக்கொண்டு எல்லாவற்றையும் தீர்க்காதீர்கள். ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும். அடுத்த முறை மதிய உணவுக்கு, அதற்கடுத்து இரவு உணவுக்கு. எந்த வேளை உணவு ஏற்றுகிறது என்று இரண்டு வாரத்தில் புரிந்துவிடும். பெரும்பாலான பெரியவர்களுக்கு உணவுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குள் இருந்தால் போதும்.

நாளுக்கு மூன்று நான்கு முறை இன்சுலின் போடுபவருக்கு 50 போதாது. ‘ஒரு நாளைக்கு இத்தனை முறை பார்க்க வேண்டும்’ என்று மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கிக் கேளுங்கள். வெறுமனே ‘ஸ்ட்ரிப்’ என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பயனில்லை. குத்தும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்த 250-ஐப் பார்த்துப் பதறி இன்னொரு ஸ்ட்ரிப்பை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: இரவு படுக்கும்போது 120, காலையில் 160. நடுவில் எதுவும் சாப்பிடவில்லை. எப்படி ஏறுகிறது?

ஈரல் வேலை செய்கிறது. விடியும் நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் செய்யும். அதை ஈடுகட்டும் அளவுக்கு உங்கள் உடலில் இன்சுலின் இல்லை. பலருக்கும் இருப்பதுதான். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவரானால், சர்க்கரை தாழ்கிறதா என்று இரண்டு மூன்று நாள் விடிகாலை 3 மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்த 3 மணி எண் தெரியாமல் இரவு மருந்தை நீங்களே கூட்டாதீர்கள்.

கேள்வி: திட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் போன் செய்து ரீடிங் கேட்கிறார். அதிகமாகச் சொன்னால் பிரீமியம் ஏறிவிடுமோ என்று கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன். தப்பா?

தப்பு. பிரீமியம் எதை வைத்து மாறும் என்பது பாலிசியில் இருக்கும். எடுத்துப் படியுங்கள். புரியாவிட்டால் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஊகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்லாதீர்கள்.

இந்த வியாதியை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். மூன்று மாதக் குறிப்பேட்டை முதல் நாள் இரவு உட்கார்ந்து நிரப்பியிருப்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு. 110, 115, 110, 120. எல்லாம் பூஜ்யத்தில் அல்லது ஐந்தில் முடியும். எந்த மீட்டரும் மூன்று மாதம் அப்படிக் காட்டாது. எச்பிஏ1சி பார்த்தால் ஒன்பதரை, அதாவது சராசரி 225 பக்கம். இதில் எதை நான் நம்புவது? இரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்து எச்பிஏ1சி தடம் மாறிக் காட்டுகிறதா என்று தேட வேண்டும், மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் ‘இல்லை டாக்டர், சும்மா எழுதினேன்’ என்பார். அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும்.

ஏறியதை மறைப்பதைவிட மோசம் இறங்கியதை மறைப்பது. இன்சுலின் போடும் ஒருவர், விடிகாலையில் 55, 60 என்று இறங்கிய நாட்களை நர்ஸ் திட்டுவாரென்று எழுதாமலே விட்டார். பிறகு தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கும் சென்சார் கேட்டு விண்ணப்பித்தார். சர்க்கரை அடிக்கடி தாழ்கிறது என்பதற்குச் சான்று இருந்தால்தான் தருவோம் என்பது அவர் திட்டத்தின் விதி. குறிப்பேட்டில் ஒரு தாழ்வுகூட இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. நல்லவேளை, மீட்டரின் நினைவில் எல்லா எண்ணும் தேதியோடு கிடந்தன. அதை எடுத்து அனுப்பி, இரண்டாம் முறைதான் கிடைத்தது. மீட்டரில் தேதியும் மணியும் சரியாக இருந்ததால் பிழைத்தார். பேட்டரி மாற்றிய பிறகு மணியைத் திருத்துபவர்கள் நூற்றில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். உங்களுடையதை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

நர்ஸ் உங்களுக்கு மதிப்பெண் போட வரவில்லை. 240 என்றால் 240 என்றே சொல்லுங்கள். காய்ச்சல், ஸ்டீராய்டு, தூங்காத இரவு, தவறவிட்ட மாத்திரை, எது இருந்ததோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த போனால் உங்களுக்குப் பிரயோஜனம்.

கேள்வி: சுகர் 210. என்ன செய்யலாம்?

சாப்பிடும் முன்பா, பின்பா? மணி என்ன?

கேள்வி: சர்க்கரை தாழ்ந்தால் சாக்லேட் சாப்பிடலாமா?

வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. அகார்போஸ் என்ற மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எச்பிஏ1சி 6.4 வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள். 6.4 வந்தது அந்த மாத்திரையையும் சேர்த்துத்தான். மருந்தே இல்லாமல் மூன்று மாதமாவது 6.5-க்குக் கீழே நின்றால்தான் நோய் தணிந்திருக்கிறது என்று சொல்வோம். குறைக்க முடியலாம், நிறுத்தவும் முடியலாம். அதை மருத்துவர் பார்த்துச் செய்யட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள்.

கேள்வி: என் திட்டம் இப்போது போடும் இன்சுலினுக்குப் பணம் தராதாம். வேறு பிராண்டுக்கு மாறச் சொல்கிறது.

மாறலாம், ஆனால் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு மாறாதீர்கள். மருத்துவர் புதிய சீட்டு எழுதட்டும். முதல் இரண்டு வாரம் கூடுதலாகச் சோதியுங்கள். குப்பியும் சிரிஞ்சும் ஒரே வகைதானா என்று கண்ணால் பாருங்கள்: 40 என்று போட்ட சிரிஞ்சில் 100 யூனிட் வகை இன்சுலினை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். பழையதுதான் வேண்டும் என்று மருத்துவர் கருதினால், காரணத்தை எழுதி வாங்கித் திட்டத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். போனில் புலம்பினால் நடக்காது.

கேள்வி: கண்ணாடிக் கடையில் கண் பார்த்தாயிற்று, பார்வை நன்றாக இருக்கிறது. திட்டத்தில் இலவசமாக இருக்கும் வருடாந்தக் கண் சோதனையும் தேவையா?

தேவை. கண்ணாடிக்குப் பார்ப்பது வேறு, விழித்திரையைப் பார்ப்பது வேறு. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்தோ, படம் எடுத்தோ பார்க்க வேண்டும். பார்வை மங்குவதற்கு வெகு முன்பே அங்கே பாதிப்பு தொடங்கியிருக்கலாம். போகிற போக்கில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனையும், பாத உணர்ச்சிச் சோதனையும் உங்கள் திட்டத்தில் உண்டா என்று கேட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் மாத்திரை மலத்தில் முழுதாக வெளியே வருகிறது. மருந்து உடம்பில் சேரவில்லையா?

சேர்ந்துவிட்டது. மெதுவாகக் கரையும் வகையில் சில மாத்திரைகளின் வெறும் கூடு மட்டும் அப்படி வரும். அதற்காக நசுக்கிப் போடாதீர்கள்.