யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். ரிக்கெட்டில் ஒரு மணித்தியாலம் அளவில் போட்டிருக்கும். விமானம் தரையில் ஊர்ந்து போகிற நேரமும் அதற்குள் அடக்கம், ஆகாயத்தில் இருப்பது இன்னும் குறைவு. சென்னை என்றால் 355 கிலோமீட்டர், ஒன்றேகால் மணித்தியாலம்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கிளிநொச்சியில் இருந்து போவதாக எழுதியிருக்கிறீர்கள். வயதான யாரையோ வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் விமான நேரத்தை மட்டும் பார்த்து ரிக்கெட் போடாதீர்கள்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நாங்கள் முதலில் போனது கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தால். பலாலி–திருச்சி விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. பலாலியில் இருந்து சென்னைக்கு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது, அந்த ரிக்கெட்டைக் கேட்டேன். ரிக்கெட் போட்டுத் தந்தவர், "கொழும்பால போனாலும் திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தானே, என்ன வித்தியாசம்" என்றார். கணக்கு பிழையில்லை. கட்டுநாயக்கா–திருச்சி 400 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் அது ஜெட். பலாலிக்கு வருவது விசிறி சுற்றுகிற ஏ.ரி.ஆர் 72, வேகம் குறைவு. அதனால் இரண்டுக்கும் திரையில் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்டும்.

காட்டாதது வீதி. கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு சாப்பிட்டுவிட்டு வாடகை வாகனத்தில் ஏறினால் வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என்று விடிய விடிய ஓட்டம். அம்மாவுக்கு நீரிழிவு, கால் வீங்கும். வழியில் கழிப்பறை தேடி மூடிய கடைகளைத் தட்டினோம். விமான நிலையத்தில் இன்னும் மூன்று மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலப் பறப்புக்கு அவர் முழு இரவும் நித்திரை இல்லாமல் இருந்தார். அடுத்த முறை பலாலியால் போனோம். காலைச் சாப்பாடு வீட்டில், பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம் என்று இரண்டு மணித்தியாலத்துக்குள் வாசலில் நின்றோம். பின்னேரம் திருச்சியில் தேநீர் குடித்தார்.

கொழும்பால் போனால் மலிவு என்று யாராவது கீழே எழுதுவார்கள். சில நாட்களில் உண்மைதான். வாகனக் காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். விமானக் கம்பனிக்காக நான் பேசவில்லை, எனக்கு அவர்களோடு ஒரு தொடர்பும் இல்லை. "இந்தச் சின்ன விமான நிலையம் யாருக்கு?" என்று கேட்பதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. எங்களுக்குத்தான். 2019 ஒக்டோபரில் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கிய இடம் அது. எழுபதுகளில் அதே பலாலியில் இருந்து இந்தியாவுக்கு விமானம் போனதை அப்பா சொல்லுவார்.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. அம்மா, பலாலி இருக்கிற வலிகாமம் வடக்கில் பிறந்தவர். 1990இல் போரால் அங்கிருந்து எழும்பி, 95இல் திரும்பவும் எழும்பி வன்னிக்கு வந்தவர். அவருடைய காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளேதான். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள், எங்களுடையது வரவில்லை. ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஆசையும் கோபமும் ஒன்றாக வருகிறது. நீட்டட்டும், பெரிய விமானம் வரட்டும். காணிக்காரருக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். எல்லா நாளும் விமானம் இருக்கும் என்று நம்பி வைத்தியரிடம் திகதி எடுக்காதீர்கள், முதலில் அட்டவணையைப் பாருங்கள். மன்னார்ப் பக்கத்து உறவினர் யாராவது சேர்ந்து வருவதென்றால் அவர்கள் கிளிநொச்சி வழியாகப் போகிற ஏ9 வீதிக்கு வரவேண்டியதில்லை. பூநகரிக்கு வந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏறினால் நேரே யாழ்ப்பாணப் பக்கம் போய்விடலாம்.